எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ: பெயர் ஒன்று, படிப்பு மூன்று... பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறார் என் நண்பர். வயது 37. பதிமூன்று வருட அனுபவம், வீட்டுக் கடன், யுகேஜி படிக்கும் மகள். போன வருடம் ஒரு பிரபலக் கல்வி நிறுவனத்தின் பெயர் போட்ட 11 மாத ஆன்லைன் படிப்பில் சேர்ந்தார். இரவு 9 மணிக்கு வகுப்பு. ஒரு வகுப்பைக்கூட விடாமல் முடித்தார். சான்றிதழை லிங்க்டுஇன்னில் போட்டதும் வாழ்த்துகள் குவிந்தன.

சில வாரங்கள் கழித்து, அவர் அலுவலகத்திலேயே ப்ராடக்ட் மேனேஜர் பதவிக்கு அறிவிப்பு வந்தது. கல்வித் தகுதி: எம்பிஏ. மனுஷன் சந்தோஷமாக விண்ணப்பித்தார். இரண்டே நாளில் ஹெச்ஆரிடமிருந்து போன்: "சார், நீங்க முடிச்சது சர்டிபிகேட் கோர்ஸ். டிகிரி இல்லையே. பி.இ.ன்னே போட்டுடுங்க."

"மூணு லட்சம் கட்டினேன்டா. இது எம்பிஏ இல்லைன்னு யாருமே சொல்லலையே" என்று டீக்கடையில் புலம்பினார். படிப்பின் விவரக் குறிப்பை போனில் திறந்து பார்த்தோம். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், 'இது பட்டப் படிப்பு அல்ல' என்று இருந்தது.

யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எந்த காலேஜ்?" நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

*ஒரே பெயரில் மூன்று சரக்கு*

வேலை பார்ப்பவர்களுக்கான எம்பிஏ புதுசு கிடையாது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1943-லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆனால் இன்று இந்தியாவில் 'எக்ஸிகியூட்டிவ்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு படிப்புகள் விற்கப்படுகின்றன.

முதலாவது, வேலையை விட்டுவிட்டு வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் ஓராண்டுப் படிப்பு. ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ், ஐஐஎம் கல்கத்தாவின் எம்பிஏஎக்ஸ், ஐஐஎம் பெங்களூருவின் இபிஜிபி எல்லாம் இந்த ரகம். பிஜிபிஎக்ஸில் சேர குறைந்தது 25 வயது, பட்டம் பெற்ற பிறகு 4 வருட வேலை அனுபவம், ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண் வேண்டும். வளாக வேலைவாய்ப்பு உண்டு. துறை மாற நினைப்பவர்களுக்கானது இது.

இரண்டாவது, வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. ஐஐடி மெட்ராஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, ஐஐஎம் திருச்சி சென்னையில் நடத்தும் வார இறுதிப் படிப்பு, ஐஐஎம் பெங்களூருவின் பிஜிபிஇஎம் ஆகியவை உதாரணங்கள். இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவர்களுக்கு இது பொருந்தும். முதல் வகையில் இருப்பதுபோன்ற வளாக வேலைவாய்ப்பை இங்கே எதிர்பார்க்க முடியாது. "முடிச்சா கம்பெனி மாறிடலாம்" என்று நினைத்து சேருபவர்கள் ஏமாறுவது இங்கதான்.

மூன்றாவது, சில மாதங்களில் முடியும் சான்றிதழ் படிப்புகள். உங்கள் போனில் விடாமல் வரும் விளம்பரங்களில் முக்கால்வாசி இந்த வகைதான். பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். விற்பது பெரும்பாலும் ஒரு எட்டெக் நிறுவனம். ஒரு குறிப்பிட்ட திறமையைக் கற்றுக்கொள்ள இவை உதவும். பட்டம் கிடைக்காது. ஓராண்டுக்குக் குறைவான இந்தப் படிப்புகளுக்கு 18% ஜிஎஸ்டியும் சேரும் என்பதை மறக்காதீங்க.

*அப்போ டிகிரி இருந்தாதான் மதிப்பா?*

அப்படியும் சொல்லிவிட முடியாது. ஹைதராபாத்தில் 2001-இல் தொடங்கிய ஐஎஸ்பி தரும் பிஜிபி, சட்டப்படி எம்பிஏ பட்டம் கிடையாது. ஆனாலும் தனியார் நிறுவனங்கள் அதைத் தேடி வந்து ஆள் எடுக்கின்றன. ஐஐஎம்களே பல பத்தாண்டுகளாக டிப்ளமோதான் கொடுத்து வந்தன. ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று அமலுக்கு வந்த பிறகுதான் அவற்றுக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது.

ஆகவே, பட்டம் தேவையா என்பது நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரசு அல்லது பொதுத்துறை நிறுவனத்தில் பதவி உயர்வுக்காக என்றால், அங்கீகரிக்கப்பட்ட பட்டமா என்று உங்கள் துறையிடமே எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள். ஆன்லைன் எம்பிஏ என்றால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி இணையதளத்திலேயே பார்க்கலாம். அனுமதி இருந்தால் அது முறையான பட்டம்தான். தனியார் துறை என்றால், நீங்கள் போக விரும்பும் நிறுவனம் எந்தப் படிப்பை மதிக்கிறது என்பதே முக்கியம்.

*கணக்கைப் போட்டுப் பார்ப்போம்*

வார இறுதிப் படிப்புக்காக 20 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10% வட்டி, 7 வருடம். மாதத் தவணை சுமார் 33,200 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 27.9 லட்சம். அதாவது, இந்தப் படிப்பால் உங்கள் கையில் வரும் சம்பளம் மாதம் 33 ஆயிரம் உயர்ந்தால்தான், ஏழு வருடத்துக்கு நீங்கள் இப்போது இருக்கும் அதே இடத்தில் நிற்பீர்கள். லாபம் அதற்கு மேல்தான் ஆரம்பம்.

ஓராண்டு முழுநேரப் படிப்பில் கணக்கு இன்னும் பெரிசு. ஐஐஎம் அகமதாபாத்தில் கட்டணமே 30 லட்சத்தைத் தாண்டுகிறது. இப்போது மாதம் 1.2 லட்சம் கைக்கு வருகிறது என்றால், விட்டுக்கொடுக்கும் ஓராண்டு வருமானம் 14.4 லட்சம். வீட்டுக் கடன் தவணை அந்த ஓராண்டும் நிற்காது.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். அதுவும் வட்டிக்குத்தான், அசலுக்குக் கிடையாது. அதிகபட்சம் 8 ஆண்டுகள். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

கம்பெனியே கட்டணம் கட்டினால்? நல்ல விஷயம்தான். ஆனால் படிப்பு முடிந்து எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

*பில்லில் வராத கட்டணம்*

இரண்டு வருடத்தில் 104 வார இறுதிகள். மாற்று வாரங்களில் வகுப்பு என்றாலும், இடைப்பட்ட வாரத்தை அசைன்மென்ட் தின்றுவிடும். குழந்தையின் நீச்சல் வகுப்பு, அப்பாவின் மருத்துவ பரிசோதனை, உறவினர் கல்யாணம் என எல்லாமே சனி, ஞாயிறில்தான் வரும். நீங்கள் வகுப்பில் இருக்கும்போது இதையெல்லாம் யாரோ ஒருவர் உங்களுக்காகச் சுமக்கிறார். பல வீடுகளில் அவரும் வேலைக்குப் போகிறவர். பெண்கள் படிக்கப் போகும்போது இந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். எனவே இந்த முடிவைத் தனியாக எடுத்து, பிறகு வீட்டில் அறிவிப்பது நியாயம் இல்லை.

*முதலில் நாற்காலி, பிறகு காலேஜ்*

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். படிப்பு முடிந்த மறுநாள் எந்த நாற்காலியில் உட்கார விரும்புகிறீர்கள்? 'வளர்ச்சி', 'லீடர்ஷிப்' என்ற பதில் போதாது. எந்தப் பதவி, எந்த மாதிரி நிறுவனம் என்று ஒரே வரியில் எழுத முடிய வேண்டும்.

எழுதிவிட்டீர்களா? இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். அங்கே வர எம்பிஏ உதவியதா, எந்த வகை எம்பிஏ என்று கேளுங்கள். மூவரில் இருவர் "எம்பிஏ எல்லாம் வேண்டாம், இந்த ப்ராஜெக்டைக் கேட்டு வாங்கு" என்று சொன்னால், உங்களுக்கு 20 லட்சம் மிச்சம். கல்லூரி அனுப்பும் முன்னாள் மாணவர்களிடம் மட்டும் பேசாதீர்கள். அவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள்.

அந்த ஒரு வரியை எழுதவே முடியவில்லை என்றால், இந்த வருடம் எதிலும் சேராதீர்கள். அலுப்புக்கும் மேனேஜர் மீதுள்ள கோபத்துக்கும் எம்பிஏ மருந்து கிடையாது.

கடைசியாக, செலவில்லாத ஒரு பரிசோதனை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் நிதி, கணக்கியல், மார்க்கெட்டிங் பாடங்கள் இலவசம். தேர்வு எழுதினால் மட்டும் சிறு கட்டணம். 12 வாரப் பாடம் ஒன்றை எடுத்து, வாரா வாரம் அசைன்மென்ட் போட்டு முடித்துப் பாருங்கள். 12 ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்க முடிந்தால், 104 பற்றி யோசிக்கலாம்.

நண்பர் இப்போது அதில்தான் இருக்கிறார். கணக்கியல் பாடம், ஏழாவது வாரம். ஒரு வார இறுதிப் படிப்பின் விண்ணப்பமும் போனில் திறந்தே இருக்கிறது. இந்த முறை அவரும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, அடுத்த இரண்டு வருட காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை. விவரக் குறிப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் முதலிலேயே படித்துவிட்டாராம்.