சுடாத துப்பாக்கிக்கும் ஒரு கதை உண்டு

சுடவே முடியாத துப்பாக்கியை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? வாங்குகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் இருக்கும் டெனிக்ஸ் நிறுவனத்துக்கு இதுதான் தொழில். 18-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளை அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அசல் எப்படிச் சுடும் என்று முதலில் பார்ப்போம். அந்தக் காலத்து ஃப்ளிண்ட்லாக் துப்பாக்கியில் விசையை அழுத்தினால் சிக்கிமுக்கிக் கல் ஒரு எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து சின்னக் கிண்ணத்தில் இருக்கும் வெடிமருந்தில் விழும். அந்தத் தீ ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய் உள்ளே இருக்கும் மருந்தை வெடிக்க வைக்கும். நகலிலும் விசை அசையும், 'டக்' என்று சத்தமும் வரும். அவ்வளவுதான். துளை இருக்காது, குழல் அடைத்திருக்கும். உலோகமும் துத்தநாகக் கலவை. வெடிமருந்தின் அழுத்தத்தை அது தாங்காது.

இவற்றைச் சட்டமும் கண்டுகொள்வதில்லை. பிரிட்டன் 2006-இல் நிஜம் போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. ஆனால் 1870-க்கு முந்தைய வடிவம் என்றால் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கி முனைக்கு ஆரஞ்சு நிறம் வேண்டும். 1898-க்கு முந்தைய துப்பாக்கிகளின் சுடாத நகல்களுக்கு அதிலும் விலக்கு. இதைக் காட்டி வங்கியைக் கொள்ளையடிக்க யாரும் கிளம்ப மாட்டார்கள் என்ற கணக்குதான் :-)

அந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தான் படுகிறது. நகலை வாங்குவதும் தப்பில்லை. என் குறை வேறு. இவற்றில் பலவற்றை "கடற்கொள்ளையர் துப்பாக்கி" என்று சொல்லி விற்கிறார்கள். ஏதோ சினிமாவுக்காகவே பிறந்த பொருள் மாதிரி!

நிஜக் கதை என்ன? 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகள் ஏராளமான துப்பாக்கிகளைச் செய்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பின. அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுத்த பண்டங்களில் துப்பாக்கியும் ஒன்று. 'பிரவுன் பெஸ்' என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வகைக்குப் பெயரே 'இந்தியா பேட்டர்ன்'. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்காகச் செய்தது. பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் வந்து ஆயுதத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், 1790களில் பிரிட்டிஷ் ராணுவமே அதை வாங்கிக்கொண்டது. நம் ஊரைப் பிடிக்கச் செய்த துப்பாக்கிதான் பிறகு நெப்போலியனுக்கு எதிராகவும் போனது.

"அலங்காரப் பொருளுக்கு எதற்கப்பா இத்தனை வரலாறு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பூ ஜாடி வாங்குபவரிடம் யாரும் வரலாறு சொல்வதில்லை. ஆனால் இதை வாங்குபவர் எதற்காக வாங்குகிறார்? அந்தப் பழமைக்காகத்தானே? வெறும் அழகுக்கு ஆயிரம் பொருள் கிடைக்கும். பழமைக்கென்று காசு வாங்கிவிட்டு அதில் இனிப்பான பாதியை மட்டும் கொடுப்பது என்ன வியாபாரம்?

நான் தடை எதுவும் கேட்கவில்லை. பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை போதும். இதன் அசல் எந்த ஆண்டில், எந்த ஊரில், யாருக்காகச் செய்யப்பட்டது, யாரை நோக்கி நீட்டப்பட்டது என்று நாலு வரி. குழலை அடைத்துத் தோட்டாவை நிறுத்தியது நல்ல காரியம். அதோடு சேர்த்துக் கதையையும் அடைத்துவிட வேண்டுமா?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள், பேசுவோம்.