மணநாளுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட குதிரை: வன்கொடுமைச் சட்டமும் குதிரையேற்ற விளையாட்டும்

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், குதிரையேற்றத்தின் டிரஸ்ஸாஜ் பிரிவில் இந்திய அணி தங்கப் பதக்கம் வென்றது. 1982ஆம் ஆண்டு டெல்லிப் போட்டிகளுக்குப் பின், 41 ஆண்டுகள் கழித்து குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நாடே அதனைக் கொண்டாடியது.

அதற்கு ஐந்தரை ஆண்டுகள் முன்னர், 2018 மார்ச் மாதம், குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தின் திம்பி கிராமத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் சொந்தமாகக் குதிரை வைத்திருந்தார்; அதில் ஏறிச் சென்றார். இதனைப் பொறுக்க இயலாத ஆதிக்கச் சாதியினர் குதிரையை விற்றுவிடுமாறு மிரட்டி வந்தனர் என்று அவருடைய தந்தை புகாரில் தெரிவித்தார். இறந்தவர் மணமகனாக ஊர்வலம் சென்றவர் அல்லர். தமக்கு விருப்பமான விலங்கின்மீது, சாதாரணமான ஒரு நாளில், சவாரி செய்தவர்.

இவ்விரு செய்திகளையும் ஊடகங்கள் ஒன்று சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒன்று விளையாட்டுப் பக்கத்துக்கும் மற்றொன்று குற்றச் செய்திப் பக்கத்துக்கும் போய்விடுகின்றன. ஆனால், இந்நாட்டில் குதிரைமீது அமரும் உரிமை எவருக்கு இருக்கிறது, எந்த நாளில் இருக்கிறது, எவருடைய பணத்தில் இருக்கிறது என்ற கேள்விகளை இரண்டுமே எழுப்புகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

தீண்டத்தகாதவர் எனப்பட்டோருக்குக் கிராமம் ‘குற்றம்’ என வகுத்து வைத்திருந்த செயல்களை அண்ணல் அம்பேத்கர் தம் எழுத்தில் பட்டியலிட்டுள்ளார். ஊருக்குள் குதிரைமீதோ பல்லக்கிலோ செல்வது அப்பட்டியலில் ஒன்று. இந்தத் தடையைத்தான் பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வெளிப்படையாகக் குற்றமாக்கியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அத்திருத்தத்தின் 3(1)(za)(B) உட்பிரிவு, பொது இடங்களில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், காலணியோ புத்தாடையோ அணிவதையும், திருமண ஊர்வலம் செல்வதையும், ‘திருமண ஊர்வலத்தின்போது’ குதிரைமீதோ வேறு வாகனத்தின்மீதோ ஏறுவதையும் தடுப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

இதன் சொற்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மிதிவண்டிக்கு நாள் நிபந்தனை இல்லை. மோட்டார் சைக்கிளுக்கும் இல்லை. குதிரைக்கு மட்டும் ‘திருமண ஊர்வலத்தின்போது’ என்ற நிபந்தனை ஒட்டியிருக்கிறது. மணமகன்கள் குதிரையிலிருந்து இறக்கப்பட்ட வட இந்திய நிகழ்வுகளை மனத்திற்கொண்டே இவ்வாசகம் வரையப்பட்டது என்பது வெளிப்படை. அதன் விளைவாக, ஒரு தலித்தை வாழ்நாளில் ஒரே ஒரு நாள் குதிரையேறக் கூடியவராகச் சட்டம் கற்பனை செய்துவிட்டது. திம்பி இளைஞரைப் போல அன்றாடம் சவாரி செய்பவரும், பயிற்சிக்காகக் குதிரையை ஊர்ச் சாலையில் நடத்திச் செல்லும் மாணவியும் இந்த வாசகத்துக்குள் நேரடியாக வருவதில்லை.

கொலை நிகழ்ந்துவிட்டால் 3(2)(v) பிரிவு ஆயுள் தண்டனைக்கு வழிசெய்கிறது. ஆனால் கொலைக்கு முந்தைய மிரட்டலைத் தொடக்கத்திலேயே தடுக்கத்தான் சட்டம் தேவைப்படுகிறது. அந்த நிலையில் வழக்குரைஞர்கள் வேறு உட்பிரிவுகளை நாட வேண்டும். சாலையையும் பாதையையும் பிறரோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தல் 3(1)(za)(A) பிரிவின்கீழ்க் குற்றம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதித்தலோ அச்சுறுத்தலோ 3(1)(r) பிரிவின்கீழ்க் குற்றம். புகார் எழுதும்போதே இவற்றைக் குறிப்பிடுதல் நன்று. ஆயினும் ‘திருமண ஊர்வலத்தின்போது’ என்ற சொற்கள் நீக்கப்பட்டு, எந்நாளிலும் குதிரை ஏறும் உரிமை நேரடியாகப் பாதுகாக்கப்பட வேண்டும். இதற்கு ஒரு சிறு திருத்தம் போதும்.

மணநாளுக்கான பாதுகாப்பேனும் எளிதில் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2018இல் உத்தரப் பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தின் நிஜாம்பூரில் தம் திருமண ஊர்வலத்துக்கு வழிகேட்ட தலித் மணமகன் அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. பல மாத இழுபறிக்குப் பின் பலத்த போலீஸ் காவலுடன்தான் ஊர்வலம் நடந்தது. மாறாக, ராஜஸ்தானின் பூந்தி மாவட்டக் காவல்துறை ‘ஆபரேஷன் சமானதா’ என்ற பெயரில், தடை நிலவும் கிராமங்களை முன்கூட்டியே கண்டறிந்து, 2022இல் தலித் மணமகன் குதிரையில் செல்ல வழிசெய்தது. நிர்வாகம் மனம் வைத்தால் இயலும் என்பதற்கு இது சான்று. கடமையைத் திட்டமிட்டுப் புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்க இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பயிற்சித் திடலின் வாயில்

சாலையில் இருக்கும் தடை கண்ணுக்குத் தெரிகிறது. பயிற்சித் திடலில் இருப்பது அவ்வாறு தெரிவதில்லை. குதிரையேற்றப் பயிற்சி முகாம் என்பது பொதுவாக, தேர்ந்த பயிற்றுநர் ஒருவர் ஓரிடத்துக்கு வந்து சில நாள்கள் தங்கி, சவாரி செய்வோரின் இருக்கை, கடிவாளப் பிடி, தடை தாண்டும் முறை ஆகியவற்றைத் திருத்துவது. அதில் பங்கேற்கக் கட்டணம் வேண்டும். பெரும்பாலும் சொந்தக் குதிரையோ வாடகைக் குதிரையோ வேண்டும். குதிரைக்குத் தீவனம், லாடம், லாயம், மருத்துவம் என ஒவ்வொரு மாதமும் செலவு உண்டு. போட்டி நடக்கும் ஊருக்கு அதனை வண்டியில் ஏற்றிச் செல்லவும் வேண்டும். ஹாங்சோவில் வென்றவர்கள் பல ஆண்டுகள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தலைமுறைச் செல்வம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் வழி ஏறத்தாழ அடைபட்டது என்பதை அவ்வெற்றியே காட்டுகிறது.

உத்தரப் பிரதேசச் செங்கல் சூளைகளில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வண்டியில் பூட்டிப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள். குதிரையோடு உழைப்பதற்குச் சாதிச் சமூகம் அவர்களைத் தடுத்ததில்லை. முதுகின்மீது ஏறி அமர்வதைத்தான் அது தடுக்கிறது.

ஆகவே ஏழைகளுக்கு எஞ்சியிருப்பது அரசின் லாயம். இந்தியக் குதிரையேற்றத்தின் முதுகெலும்பாக நெடுங்காலம் இருந்து வருவது இராணுவம். 1982இல் தனிநபர் ஈவென்டிங் தங்கம் வென்ற ரகுபீர் சிங் 61ஆம் குதிரைப் படையைச் சேர்ந்தவர். ஆனால் 1953இல் உருவாக்கப்பட்ட அப்படைப்பிரிவு ராஜபுத்திரர், மராத்தியர், காயம்கானியர் என்ற மூன்று பிரிவினரைக் கொண்டு அமைக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையிலோ ஜாட், ஜாட் சீக்கியர், ராஜபுத்திரர் ஆகியோரே சேர்க்கப்படுகின்றனர். இந்நடைமுறை உச்ச நீதிமன்றத்திலும், 2018இல் டெல்லி உயர்நீதிமன்றத்திலும் கேள்விக்குள்ளாக்கப்பட்டது. சடங்கு அணிவகுப்புக்கு ஒத்த உயரமும் தோற்றமும் வேண்டும், இது செயல்பாட்டுத் தேவை என்பது இராணுவத்தின் விளக்கம்.

இவ்விளக்கம் அரசமைப்புச் சட்டத்தின்முன் நிற்காது. அரசு வேலையில் சாதியின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது 16(2) உறுப்பு. ஆயுதப் படைகளைப் பொறுத்தவரை அடிப்படை உரிமைகளைக் குறைக்கலாம் என 33ஆம் உறுப்பு அனுமதிப்பது உண்மையே. ஆனால் அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. அதனைச் சட்டத்தின் மூலமே செலுத்த இயலும். 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சங்கம் அமைத்தல், கூட்டங்களில் பங்கேற்றல், பத்திரிகைகளோடு தொடர்புகொள்ளுதல் ஆகிய உரிமைகளைக் கட்டுப்படுத்துகிறது. சாதி பார்த்து ஆள் சேர்க்க அது எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை. மேலும், உயரமே அளவுகோல் எனில் உயரத்தை அளந்தால் போதும்; சாதியைக் கேட்க வேண்டிய தேவை என்ன?

நாம் கோர வேண்டியவை

பொது நிலம் தொடர்பான கேள்வி தமிழ்நாட்டுக்கும் உரியது. சென்னை கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம், 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் வாடகைக்குக் குதிரைப் பந்தயச் சங்கத்திடம் இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அக்குத்தகையை ரத்து செய்தது. பொது நிலத்தையோ பொது நிதியையோ பெறும் எந்தச் சங்கமும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அவற்றைப் பெற வேண்டும். அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 15(2) உறுப்பும், சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) உறுப்பும் இக்கோரிக்கைக்கு அடித்தளம். தேசியப் போட்டிகளில் பங்கேற்போரின் சமூகப் பின்னணி குறித்த விவரங்களை இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை.

கல்லூரி மாணவர்கள் உடனடியாகச் செய்யக் கூடியதும் ஒன்று உண்டு. தேசிய மாணவர் படையில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி ஸ்குவாட்ரன்கள் உள்ளன. சொந்தக் குதிரை இல்லாமலேயே சவாரி பயிலவும், குடியரசு நாள் முகாமின் குதிரையேற்றப் போட்டிகள் வரை செல்லவும் அங்கு வாய்ப்புண்டு. தேசிய மாணவர் படையின் ‘சி’ சான்றிதழ் படைகளில் சேரும்போது சலுகை பெற்றுத்தரும். அந்த வாய்ப்பை நம் மாணவர்கள் கேட்டுப் பெற வேண்டும். மறுக்கப்பட்டால், எந்த விதியின்கீழ் மறுக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்க வேண்டும்.

அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவராகக் கதைப்பாடல் மரபு சொல்லும் மதுரைவீரனைக் குதிரைமீது அமர்த்தித் தமிழ்க் கிராமங்கள் வணங்கி வருகின்றன. அவ்வீரனின் மக்கள் ஊர்த் தெருவில் மிதிவண்டியில் செல்வதற்கே அதே கிராமங்களில் பல, தடை போட்டன. கடவுளாக ஏற்கப்பட்டவரின் பிள்ளைகள் குடிமக்களாகவும் ஏற்கப்பட வேண்டும். 3(1)(za)(B) உட்பிரிவிலிருந்து ‘திருமண ஊர்வலத்தின்போது’ என்ற சொற்களை நீக்கக் கோரும் மனுவை ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் அளிப்பதை அதற்கான முதற் பணியாக மேற்கொள்வோம்.