எடுத்த மச்சம் எங்கே போகணும்... குப்பைக்கா, லேபுக்கா?

கல்யாணத் தேதி குறித்தாச்சு என்றால் தோல் மருத்துவரிடமோ, பியூட்டி பார்லரிலோ போய் நிற்பவர்கள் உண்டு. “இந்த மச்சத்தை எடுத்துடணும். எவ்வளவு ஆகும்? தழும்பு தெரியுமா? எத்தனை நாள்ல ஆறும்?” நியாயமான கேள்விகள்தான். பள்ளி டி.சி.யில் அங்க அடையாளமாக எழுதிய மச்சமாச்சே, எடுத்தால் சிக்கல் வருமா என்றுகூடச் சிலர் யோசிக்கிறார்கள். ஆனால், முதலில் கேட்க வேண்டியதை அநேகமாக யாரும் கேட்பதில்லை: அது மச்சம்தானா?

கழுத்து மடிப்பில் சின்னதாகத் தொங்கும் மரு, வைரஸால் வரும் பாலுண்ணி, வயசாக ஆக கன்னத்தில் மிளகு தூவினாற்போல வரும் கறுப்புப் புள்ளிகள், நிறமிச் செல்கள் ஓரிடத்தில் கூடி உருவாகும் மச்சம் எல்லாமே வேறு வேறு. வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். தோல் மருத்துவர் இதை டெர்மாஸ்கோப் வைத்துப் பார்ப்பார். லென்ஸும் விளக்கும் சேர்ந்த கையடக்கக் கருவி அது. ஊசி இல்லை, வலி இல்லை, ஓரிரு நிமிட வேலை. பார்லரில் இந்தக் கட்டமே கிடையாது. நேராக மெஷினை ஆன் செய்துவிடுவார்கள்.

சிக்கல் அங்கேதான். லேசர் மச்சத்தை வெட்டி எடுப்பதில்லை, எரிக்கிறது. எரிந்துபோனதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க முடியாது. அது சாதாரண மச்சமா, மெலனோமா எனும் தோல் புற்றுநோயின் ஆரம்பமா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியைப் பணம் கொடுத்து அழிப்பதற்குச் சமம். அடியில் கொஞ்சம் செல்கள் மிச்சம் இருந்தால், அதே இடத்தில் கோணல்மாணலாக நிறம் திரும்ப வரும். அதைப் பார்த்து அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணரே புற்றுநோயோ என்று குழம்புவது உண்டு.

சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துத் தடவுவது, முடியால் இறுக்கிக் கட்டுவது போன்ற கைவைத்தியங்களுக்கும், ஆன்லைனில் விற்கும் மச்சம் நீக்கும் க்ரீம்களுக்கும் இது பொருந்தும். வீட்டிலேயே போட்டுக்கொள்ள இப்படி எந்த மருந்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022-ல் சொல்லி, விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது.

“இந்தியர்களுக்கு மெலனோமா ரொம்ப அபூர்வம், எதுக்கு வெட்டிச் செலவு?” என்று கேட்கலாம். அபூர்வம் என்பது உண்மை. வெள்ளைத் தோல்காரர்களைவிட இங்கே மிகக் குறைவு. ஆனால் அபூர்வம் என்பதாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்படுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அது வரும் இடம். கறுத்த, மாநிறத் தோல்காரர்களுக்கு இது அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பாடகர் பாப் மார்லிக்கு வலது கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1977-ல் புற்றுநோய் எனத் தெரிந்தது. 1981-ல் 36 வயதில் இறந்தார்.

ஆக, முகத்து மச்சத்தைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவர் மாதம் ஒருமுறை உள்ளங்காலையும் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லை, ஓரம் சீராக இல்லை, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் அகலம், மாறிக்கொண்டே இருக்கிறது... இதெல்லாம் உலகம் முழுக்கச் சொல்லப்படும் அறிகுறிகள். இவற்றில் ‘மாறுது’ என்பதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிப் புதுசாக வந்து வளர்வது, தானாக ரத்தம் கசிவது, ஒரே ஒரு நகத்தில் மட்டும் கருங்கோடு விழுந்து அகலமாவது, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டிச் சதைக்குப் பரவுவது என்றால் தள்ளிப்போடவே கூடாது. பல நகங்களில் மெல்லிய கோடு இருப்பது கறுத்த தோலில் சகஜம். பல வருஷமாக மாறாமல் இருக்கும் மச்சத்துக்கும் பயம் தேவையில்லை, அழகுக்குத் தொந்தரவு இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

எடுப்பது என்று முடிவானால் பெரிய வேலை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மேலோட்டமாகச் சீவியோ, முழுசாக வெட்டித் தையல் போட்டோ எடுப்பார்கள். முகத்துத் தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்துவிடுவார்கள். சின்னத் தழும்பு நிச்சயம் இருக்கும். நெஞ்சிலும் தோளிலும் அது தடித்து வளரவும் செய்யலாம். ‘தழும்பே வராது’ என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் யோசிப்பது நல்லது. மருத்துவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்றவரா என்று பார்க்கலாம். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதிலும் தப்பில்லை. அழகுக்காக எடுப்பதற்கு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. செலவு கையைக் கடிக்கும் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

சந்தேகம் துளி இருந்தாலும், வெட்டிய சதையை பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. ரிப்போர்ட் வர அநேகமாக ஒரு வாரம் ஆகும். மச்சத்தின் பழைய போட்டோவோடு அதையும் போனில் சேர்த்து வைத்துக்கொண்டால், அதே இடத்தில் மறுபடி கறுப்புத் தெரியும் நாளில் மருத்துவர் முதலில் கேட்பதை உடனே எடுத்துக் காட்டலாம்.