வயலில் படுக்கை! வானம் கூரை! கிடைக்காரர்களைக் கவனிப்பார் யார்?

மாலை நேரம். மதுரைக்குத் தெற்கே கப்பலூர். நான்கு வழிச் சாலையில் லாரிகளும் பஸ்களும் சீறிக்கொண்டு போகின்றன. ஒரு பக்கம் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் சுங்கச்சாவடி. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் புறப்பட்டு கன்னியாகுமரிக்குப் போகிற பெரிய சாலை அது. வண்டிகள் நிற்பதற்கு மனம் இல்லாமல் பறக்கும் இடம்.

அறுவடை முடிந்த மாதங்களில், இந்தப் பக்கத்துச் சாலைகளின் ஓரத்தில் ஒரு மனிதர் நிற்பதைப் பார்க்கலாம். தலையில் துண்டு. தோளில் தொரட்டி. ஒரு கையை மேலே தூக்கி, வருகிற லாரிக்குச் சைகை காட்டுவார். லாரி நின்றால் நல்ல காலம். அவருக்குப் பின்னால் ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான செம்மறி ஆடுகள்! தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, அவை சாலையைக் கடக்கும்.

காரில் இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. ஹாரன் அடிக்கிறார்கள். "சாலை என்ன ஆடு மேய்க்கிற இடமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

அந்த ஆடுகள் சும்மா போகவில்லை. வேலைக்குப் போகின்றன!

கிடை என்றால் என்ன?

பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கிடை என்றால் தெரியாது. சொல்லிவிடுவது நல்லது.

நெல் அறுத்த பிறகு வயல் வெறுமையாகக் கிடக்கும். அந்த வயலில் ராத்திரி நேரத்தில் ஆடுகளைக் கொண்டுபோய் அடைப்பார்கள். சுற்றிலும் வலை கட்டுவார்கள். முன்பு படல் கட்டினார்கள். ஆடுகள் அங்கேயே படுக்கும். புழுக்கை போடும். மூத்திரம் பெய்யும். அதுதான் வயலுக்கு உரம். இதற்குக் "கிடை போடுதல்" என்று பெயர்.

மறுநாள் ராத்திரி, கிடையைப் பக்கத்து இடத்துக்கு மாற்றுவார்கள். இப்படி மாற்றி மாற்றி, வயல் முழுவதும் உரம் விழும்படி செய்வார்கள். நிலக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஒரு காலத்தில் நெல்லாகக் கொடுத்தார்கள். இப்பொழுது பணமாகக் கொடுக்கிறார்கள். எத்தனை ஆடு, எத்தனை ராத்திரி என்பது கணக்கு.

கிடையின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். பல குடும்பங்களின் ஆடுகள் ஒரே கிடையில் இருக்கும். எந்த ஊருக்குப் போவது, யாருடைய வயலில் தங்குவது, கூலி என்ன என்று பேசி முடிப்பது கீதாரியின் பொறுப்பு. முன்பு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். இப்பொழுது கீதாரியின் மடியில் செல்போன் இருக்கிறது. ஆட்டுக்குட்டிகளும் கூண்டும் பாத்திரங்களும் சின்ன லாரியில் போகின்றன. பெரிய ஆடுகள் மட்டும் நடந்துதான் போக வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சீமைகளில் மழை குறைவு. ஆடு நிறைய. மதுரைப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் வாய்க்கால் பாசனம். நெல் நிறைய. ஆடு உள்ள சீமைக்கு மேய்ச்சல் வேண்டும். நெல் உள்ள சீமைக்கு உரம் வேண்டும். அதனால்தான் தை மாதத்துக்குப் பிறகு கிடைகள் புறப்படுகின்றன. ஆற்றில் தண்ணீர் திறந்து, மறுபடியும் நாற்று நடும் வரையில் வயல்களில்தான் வாசம். பிறகு மேட்டு நிலம் தேடித் திரும்புகிறார்கள்.

ஒரு வேளைக்கு இரண்டு வேலை

ஆட்டு எருவின் அருமையைக் கிராமத்துக் கிழவர்களிடம் கேட்க வேண்டும். "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்பார்கள். ஆட்டு எரு அந்த வருஷமே பலன் கொடுக்கும் என்று அர்த்தம்.

வெறும் பழமொழி என்று தள்ளிவிட வேண்டாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 100 கிலோ ஆட்டு எருவில் சுமார் 3 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து, 2 கிலோ சாம்பல் சத்து இருக்கின்றன. 100 கிலோ தொழு உரத்தில் தழைச்சத்து அரைக் கிலோதான்!

இன்னொரு லாபமும் உண்டு. எருவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால், மூத்திரத்தின் சத்து கொட்டகையிலேயே போய்விடும். கிடையில் அது நேராக மண்ணில் இறங்குகிறது. வண்டி வாடகை இல்லை. ஏற்று கூலி, இறக்கு கூலி இல்லை. காலையில் ஆடுகள் கிளம்பியதும் நிலக்காரர் காலம் தாழ்த்தாமல் உழுதுவிட வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் காயவிட்டால் சத்துப் போய்விடும்.

ஆடுகள் சும்மாவும் இருப்பதில்லை. பகலில் வயலில் சிந்திய கதிரையும் களையையும் தின்றுவிடுகின்றன. கண்மாய்க் கரையில் கருவேலங்காய் பொறுக்குகின்றன. கீதாரிக்குக் கூலி மட்டும் வருமானம் அல்ல. திருவிழாவுக்கும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் கிடாய் விற்கும் பணம்தான் பெரிய வருமானம்.

இந்தத் தொழிலுக்கென்றே இந்தச் சீமையில் ஆட்டு இனங்கள் இருக்கின்றன. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வெம்பூர் ஆடு. மதுரை மாவட்டத்திலேயே வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டிக் கருப்பு ஆடு. கம்பளிக்கு இவை உதவாது. ஆனால், வெயிலில் மைல் கணக்கில் நடக்கும். மாட்டிலும் கிடை உண்டு. ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன புலிக்குளம் காளை இருக்கிறதே, அது கிடை மாட்டு இனம்தான். வாடிவாசலில் சீறும் காளைக்குக் கைதட்டும் ஜனங்களில் எத்தனை பேர், அதன் தாய் வயலில் படுத்து எருப் போட்டதை நினைக்கிறார்கள்?

அமெரிக்காவிலும் இப்படி!

தங்குகிற இடத்திலேயே வேலை, வேலை முடிந்தால் அடுத்த இடம். இப்படிப் பிழைக்கிறவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை. பணக்கார அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்!

சினிமா நடிகர்கள் "கேரவன்" என்று ஒரு வண்டி வைத்திருக்கிறார்களே, அதைப் போன்ற வண்டிதான் அவர்களுடைய வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. காட்டுப் பூங்காக்களில் இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்த இடம் இருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, குப்பை பொறுக்குவது, கழிப்பறை கழுவுவது போன்ற வேலைகளைச் செய்கிறார்கள். அதற்குப் பதிலாக வண்டி நிறுத்த இடமும், தண்ணீரும், மின்சாரமும் கிடைக்கும். சில இடங்களில் சம்பளமும் உண்டு. அக்டோபர் மாதம் வந்தால் வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் போவார்கள்.

ஊர் சுற்றும் ஆசையில் இப்படிப் போகிறவர்கள் உண்டு. வேறு வழி இல்லாமல் போகிறவர்களும் உண்டு. 2008-ல் அங்கே பாங்குகள் விழுந்தன. வீட்டுக் கடன் கட்ட முடியாமல் பலர் வீட்டை இழந்தார்கள். 60 வயது, 70 வயதுக் கிழவர்களும் கிழவிகளும் வண்டியில் குடியேறினார்கள். இவர்களைப் பற்றி 2017-ல் ஒரு பெண் பத்திரிகையாளர் புத்தகம் எழுதினார். அது படமாக வந்து, 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. உலகமே கண்ணீர் விட்டது.

அங்கே வண்டி நிறுத்தக் குழாயும் மின்சாரமும் கொடுத்தார்கள். இங்கே கிடை நிறுத்தினால் குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். மழை பெய்தால் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ராத்திரி முழுவதும் நரிக்கும் திருடனுக்கும் கண் விழிக்க வேண்டும். இன்று ஆடு திருடுகிறவன் காரில் வருகிறான்!

நாடோடிகள் அல்ல

கிடைக்காரர்களை நாடோடிகள் என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பு. அவர்களுக்கு ஊர் உண்டு. வீடு உண்டு. குலதெய்வம் உண்டு. ஓட்டு உண்டு. வீட்டில் வயதான பெற்றோரும், படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொழிலுக்காக வெளியே போகிறார்கள். கப்பலில் வேலை பார்க்கிறவன் மாதக் கணக்கில் வீட்டுக்கு வருவதில்லை. அவனை நாடோடி என்று யாராவது சொல்வார்களா?

ஊர் உண்டு என்பதால் கஷ்டம் இல்லை என்று ஆகாது. ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கும். ஆள் வேறு மாவட்டத்தில் இருப்பார். முன்பெல்லாம் அரிசி வாங்கவே வழி இல்லை. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் புது ஏற்பாடு வந்தது. எந்த ஊர் ரேஷன் கடையிலும் விரல் ரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். நல்ல ஏற்பாடு. கிடையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆட்டுக்கு நோய் வந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கால்நடை டாக்டர் வண்டியில் வருவார். ஆனால், ஆட்டுக்கொல்லி நோயும் நீலநாக்கு நோயும் வந்த பிறகு டாக்டரைக் கூப்பிட்டு என்ன பயன்? முன்னாலேயே தடுப்பு ஊசி போட வேண்டும். ஊசி போடும் முகாம் நடக்கிற நாளில் கிடை வேறு ஊரில் இருக்கிறது. முகாமை ஊரில் வைப்பதோடு நிறுத்தாமல், கிடை போகும் வழியிலும் வைத்தால் என்ன?

மேய இடம் எங்கே?

மேய்ச்சல் நிலம் குறைந்துகொண்டே போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம். கிராமத்துக்குக் கிராமம் மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. அதில் வீடு வந்தது. பிளாட் கல் நட்டார்கள். கப்பலூரையே பாருங்கள். தொழிற்பேட்டை வந்தது. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை 27 கிலோமீட்டருக்குச் சுற்றுச் சாலை வந்தது. ஊருக்கு வேலை வந்தது, வசதி வந்தது. அது வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், ஆடு போகிற பாதை எது என்று, சாலைக்குப் படம் வரைகிறபோது யாராவது கேட்டிருக்கலாம். சாலைக்கு அடியில் ஒரு ஆள் உயரத்துக்கு வழி விட்டிருந்தால் லாரிக்காரருக்கும் நிம்மதி, கீதாரிக்கும் நிம்மதி.

காட்டிலும் தகராறு இருக்கிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைப் பக்கம் புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு தமிழ்நாட்டுக் காடுகளில் கால்நடை மேய்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மேய்க்கிறவர்கள் கலங்கிப் போனார்கள். அதே மாதத்தில் உத்தரவு திருத்தப்பட்டது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று ஆயிற்று. புலிக்கும் இடம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால், பருவத்துக்குப் பருவம் வந்து மேய்க்கிறவர்களின் உரிமையை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த உரிமையை மனுப் போட்டுக் கேட்க வேண்டும் என்று கிடைக்காரருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பையன்கள் கதி

கிடைக்காரர் பக்கமும் குறை இருக்கிறது. அதை மூடி மறைக்கக் கூடாது.

ஆடு மேய்க்கப் பையன்களை வைக்கிறார்கள். அப்பன் வாங்கிய கடனுக்கு மகனை விட்டுவிட்டுப் போகும் கொடுமை இன்னும் ஒழியவில்லை. 2018-ல் கஜா புயல் அடித்தது. அதன் பிறகு தஞ்சை மாவட்டத்தில், பணத்துக்காகச் சிறுவர்களை ஆடு மேய்க்க விட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது! புத்தகம் பிடிக்க வேண்டிய கையில் தொரட்டியைக் கொடுக்கிறவர் எவ்வளவு நல்ல கீதாரியாக இருந்தாலும், அவருக்காக யாரும் பரிந்து பேச முடியாது. கிடைக்காரர்கள் தங்கள் சங்கங்களில் இதை அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். போலீஸ் வந்து தீர்ப்பதைவிட அது கௌரவம்.

சொந்தப் பிள்ளைகள் விஷயம் வேறு. தாயும் தகப்பனும் கிடையோடு போனால், பிள்ளை பாட்டி வீட்டில் தங்குகிறான். அல்லது கூடவே போய்ப் படிப்பை விடுகிறான். நடு வருஷத்தில் வந்தாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. டி.சி. இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. கிடை தங்கும் மாதங்களில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு நடை வயல் வரை போய்ப் பார்த்தால் போதும். எத்தனை பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆட்டை எண்ணினார்கள்!

இந்தியாவில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919-ல் தொடங்கியது. மாட்டை எண்ணினார்கள். ஆட்டை எண்ணினார்கள். கோழியையும் எண்ணினார்கள். ஊர் ஊராகப் போய் மேய்க்கிற மனிதரை மட்டும் தனியாக எண்ணவில்லை. நூறு வருஷம் கழித்து, 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கணக்கெடுப்பில்தான் முதல் முறையாக அவர்களையும் சேர்த்தார்கள். 2026-ம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்கும் உரிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபையும் அறிவித்திருக்கிறது.

அந்தக் கணக்கை மாவட்டம் மாவட்டமாக, தாலுகா தாலுகாவாக அச்சிட்டு வெளியிட வேண்டும். திருமங்கலம் தாலுகாவில் எந்த மாதத்தில் எத்தனை கிடைகள் தங்குகின்றன, எந்தக் கண்மாயில் தண்ணீர் குடிக்கின்றன, எந்த இடத்தில் சாலையைக் கடக்கின்றன என்று ஒரு தாளில் எழுதித் தாசில்தார் ஆபீசில் ஒட்டட்டும். தடுப்பு ஊசி போடுகிறவரும், பள்ளிக்கூடத்து வாத்தியாரும், சாலை போடுகிற என்ஜினீயரும் முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.