சிறிய தீவுகளுக்கும் ஓடுதளம் வேண்டும்

2024 ஆகஸ்ட் 3 அன்று கரீபியக் கடலின் இரண்டு சிறு தீவுகள் தங்கள் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றன, இரண்டுமே தங்கம். பாரிஸில் செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 100 மீட்டரை 10.72 விநாடிகளில் ஓடி முடித்தார். டொமினிக்காவின் தியா லாஃபாண்ட் மும்முறைத் தாண்டலில் 15.02 மீட்டரைத் தொட்டார். செயின்ட் லூசியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.8 லட்சம். டொமினிக்காவில் அதில் பாதிகூட இல்லை.

தகுதி பெற்ற வீரர்கள் இல்லாத நாடுகளும் ஒருவரையாவது அனுப்ப, தடகளத்திலும் நீச்சலிலும் சிறப்பு இடங்கள் உண்டு. இருவரின் வெற்றியைக் காட்டி, இனி அந்தச் சலுகை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. ஒரு தடகளப் பிரிவில் ஒரு நாட்டுக்கு மூவர்தான். அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் நான்காவதாக வந்தவர், உலக அரையிறுதிக்குரிய வேகம் இருந்தும் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவருடைய உழைப்பும் உழைப்புதான்.

ஆனால் தகுதிக்கான பாதை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. பாரிஸில் பெண்கள் 100 மீட்டருக்கான நேரடித் தகுதி 11.07 விநாடி. அதை எட்டாதவர்கள் உலகத் தரவரிசையை நம்ப வேண்டும். அங்கே ஓடிய நேரத்தோடு, ஓடிய போட்டி எவ்வளவு பெரியது என்பதற்கும் புள்ளி உண்டு. பெரிய போட்டிகளில் பெரும்பாலானவை வசதியுள்ள நாடுகளில் நடக்கின்றன. ஆக, தீவில் பிறந்தவருக்கு விமானச் சீட்டும் விசாவும்கூடத் தகுதித் தேர்வின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

ஆல்ஃபிரட் பதினான்கு வயதில் ஜமைக்காவுக்குப் போய்ப் பயின்றார். பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழகம். செயின்ட் லூசியாவில் விளையாட்டரங்கு இல்லாமல் இல்லை. ஆனால் 2009இல் செயின்ட் ஜூட் மருத்துவமனை தீப்பிடித்தபோது நோயாளிகளை வியூ ஃபோர்ட் நகரின் ஜார்ஜ் ஓட்லம் தேசிய விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். ஆல்ஃபிரட் பாரிஸில் தங்கம் வென்றபோதும் மருத்துவமனை அங்கேதான் இயங்கியது. இதில் யாரைக் குறை சொல்வது? படுக்கை கேட்கும் நோயாளியிடம் ஓடுதளத்தைப் பற்றிப் பேச முடியாது. ஓடக் களமின்றி வளரும் ஒரு தலைமுறையை முடிவில்லாமல் காத்திருக்கச் சொல்வதும் சரியல்ல. சிறிய நாட்டின் கருவூலம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் தாங்கும் என்பதுதான் உண்மையான நெருக்கடி.

அதனால் இந்தச் சுமையைத் தீவுகள் தனியே சுமக்க வேண்டியதில்லை. சிறப்பு இடங்கள் தொடரட்டும். ஆனால் கடைசி நேர அழைப்பாக மட்டும் அவை நின்றுவிட வேண்டாம். அந்த இடத்துக்கு வரக்கூடிய இளைஞர்களை நான்காண்டுகள் முன்பே கண்டறிந்து, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் ஒலிம்பிக் ஒருமைப்பாட்டுத் திட்டம் தரும் உதவித்தொகையில் பயணத்துக்கான பங்கைக் கூட்டலாம். எட்டுத் தீவுகளில் எட்டு அரங்குகள் கட்டுவது கடினம். அண்டைத் தீவுகள் சேர்ந்து ஒன்றிரண்டைப் பராமரிப்பது இயலும். தீவு அரசுகளும் தங்கள் பங்காக, பேரிடரின்போது வேறு தேவைக்கு எடுத்த அரங்குகளையும் பள்ளி மைதானங்களையும் குறித்த கெடுவுக்குள் விளையாட்டுக்கே திருப்பித் தர உறுதியளிக்கலாம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிக் காலத்திலேயே பயணச் செலவிலிருந்து இதைத் தொடங்க முடியும்.