தனிக்கிளையாய் நிற்கும் ஓணான்

ஓர் உயிரினத்தைக் காப்பதற்குரிய நியாயத்தை அதன் எண்ணிக்கையிலும் அழகிலும் மட்டும் தேடுவது போதாது. அது அழிந்தால் அதனோடு எத்தனை யுகங்களின் சரித்திரம் மறையும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணுவோமாயின், யானைக்கும் சிறுத்தைக்கும் நாம் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது, நமது இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வாழும் ஓர் அபூர்வ ஓணானுக்கும் தரக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது விளங்கும்.

மூக்கின் நுனியில் உருண்டையான கட்டியொன்றையும், கண்களுக்கு மேலே இருபுறமும் வளைந்து செல்லும் எலும்பு வரம்புகளையும் தாங்கிய இப்பிராணிக்கு லைரியோசெபாலஸ் ஸ்குட்டேட்டஸ் என்பது விஞ்ஞானப் பெயர். 1758ஆம் ஆண்டிலேயே இதனை லின்னேயஸ் தமது பட்டியலில் சேர்த்துவிட்டார். பெரும்பாலும் மரத்திலேயே காலங்கழிப்பதாயினும், மண்புழுவைத் தேடி இறங்குவதும், பெண் நிலத்தைத் தோண்டி முட்டைகளைப் புதைப்பதும் இதன் வழக்கம். பகை நெருங்கினால் வாயைத் திறந்து உள்ளேயுள்ள செந்நிறத்தைக் காட்டி அச்சுறுத்தும்; அதுவும் பயன்படாவிடின் செத்ததுபோற் கிடக்கும். ஆயினும் இவற்றினும் பெரிய விசேஷம், இதன் பேரினத்தில் இந்த ஓரினமன்றி வேறினம் உலகில் எங்கும் இல்லை என்பதே.

இதற்கு நெருங்கிய உறவினரும் இத்தீவிலேயே உள்ளனர். மூக்கிற் கொம்புடைய செரட்டோஃபோரா ஓணான்கள் ஒரு கிளை. வாலாற் கிளையைப் பற்றிக்கொண்டு, முட்டையிடாது குட்டியீனும் கொஃபோட்டிஸ் மற்றொரு கிளை. இக்கிளைகள் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே பிரிந்து தத்தம் வழியே வளர்ந்தன என்பது மரபணு ஆராய்ச்சியாற் பெறப்பட்ட முடிவு. பனியுகங்களிற் கடல்மட்டம் தாழ்ந்து, மன்னார் வழியாக இந்தியாவோடு தரைத்தொடர்பு பலமுறை ஏற்பட்டபோதும், இடையிலிருந்த வறண்ட சமவெளியைக் கடக்கவியலாத ஈரக்காட்டு ஜீவராசிகள் பல இத்தீவிலேயே தங்கித் தனிப் பரிணாமம் பெற்றன.

ஒரு பழைய வம்சம் தனிமைப்பட்டால் அதன் கதி என்ன என்பதற்கு நியூசிலாந்தின் துவாட்டாரா சான்றாகும். பார்வைக்கு ஓணானை ஒத்ததாயினும் அது ஓணானன்று. ஏறத்தாழ இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் பல்லி, பாம்புகளின் முன்னோரினின்று பிரிந்த வரிசையொன்றில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம். அவ்வரிசையைச் சேர்ந்த பிராணிகள் ஒருகாலத்தில் நமது அயலிலும் வாழ்ந்தன என்பதை, கோதாவரிப் பள்ளத்தாக்கின் ஜுராசிக் காலப் பாறைகளிற் கிடைத்த தாடையெலும்புகள் காட்டுகின்றன. பிற நாடுகளிலெல்லாம் அற்றுப்போன அவ்வம்சத்தின் எச்சத்தை நியூசிலாந்து அரசு 1895ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் காவலிற் கொண்டுவந்தது. நமது ஓணானின் வம்சம் அத்துணைப் பழமையுடையதன்று. ஆயினும் தனக்கு நிகரற்ற ஒன்றைத் தன்னகத்தே கொண்ட தேசத்தின் பொறுப்பு இரண்டிடத்தும் ஒன்றே.

அப்பொறுப்பை நாம் அறியாதிருக்கவில்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் உள்ளன. கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்ட 2019ஆம் ஆண்டின் சர்வதேச உயிரின வர்த்தக மாநாட்டில், இலங்கை தன் ஓணான்களுக்காக வாதாடியது. கொம்பு ஓணான்களிற் சிலவும் கொஃபோட்டிஸும், மிகக் கடுங்காவல் தரும் முதலாம் அட்டவணையில் இடம்பெற்றன. லைரியோசெபாலஸ் இரண்டாம் அட்டவணையிற் சேர்க்கப்பட்டு, காட்டிற் பிடித்தவற்றை வர்த்தகத்திற்காக ஏற்றுமதி செய்வது மறுக்கப்பட்டது. ஆனால் காட்டிற் பிடித்ததையே கூண்டிற் பிறந்ததென்று சாதிக்கும் வணிகனுக்கு இந்த ஏற்பாடு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆகவே, தன் பேரினத்தில் தனித்து நிற்கும் இவ்வினமும் முதலாம் அட்டவணைக்கு உயர்த்தப்படுதல் வேண்டும் என்பது என் துணிபு.

எனினும் ஜெனீவாவில் எழுதப்படும் தீர்ப்பு, காட்டோரத்திற் காவல் நிற்காது. மலையகத் தோட்டங்களில், தேயிலைக்கும் காட்டிற்கும் இடைப்பட்ட எல்லையில் வாழ்பவர் பெரும்பாலும் தமிழ்பேசும் மக்களே; இவ்வபூர்வ இனங்கள் பலவற்றின் அயலாரும் அவர்களே. அவர்தம் பாடசாலைகளில் இவ்வோணான்களைப் பற்றித் தமிழிற் கற்பித்தலும், ஓடையோரக் காட்டுத்துண்டுகளை வெட்டாது விடுதலும், பிடித்துத் தரும்படி பணங்காட்டி வரும் அந்நியரைப் பற்றி வனஜீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவித்தலும் பெருஞ்செலவு வேண்டும் காரியங்களல்ல. கல்லெறிந்து விரட்டும் பழக்கத்தை நம் பிள்ளைகள் கைவிடச் செய்வது அதனினும் எளிது. இக்கடமையைப் பெற்றோரும் ஆசிரியரும் இன்றே ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.