ஒரு நாள் பிந்தியதால் ரூ.3,170 போச்சு!
2009 மே 31-க்குள் வேலைக்கு வந்த அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.8,370. மறுநாள் முதல் வந்தவருக்கு ரூ.5,200தான்! படிப்பும் ஒன்று, வேலையும் ஒன்று.

2018-லும் 2023-லும் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்து பார்த்தார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குக் கொடுத்தது, 2023-ல் கமிட்டி போட்டது. கமிட்டியைக் காட்டினால் மளிகைக் கடையில் கடன் கிடைக்குமா?

கஜானாவில் துண்டு விழுந்தது நிஜம்தான். 2020-21 வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி என்றது 2021 வெள்ளை அறிக்கை. ஆனால் இந்தப் பள்ளம் அதற்கு 12 வருஷம் முந்தியே வெட்டியது. தள்ளிப்போட்டதில் சர்க்காருக்கு என்ன லாபம்? 2017-ல் சம்பளத்தை 2.57 மடங்கு ஆக்கியபோது, வித்தியாசமும் ரூ.8,000-ஐத் தாண்டிப் போச்சு. பஞ்சப்படி அதற்கு மேலே!